அன்னாசி போடாத ரோஜாக்

சேசு மரி சூசை துணை

தோ பாயோ, சிங்கப்பூர்
12.2.1978

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை ஆனி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அவரும் சுகம். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு மூட்டுவலி குறைந்ததா?

கப்பல் ஏறி வந்து மூன்று மாதமாயிற்று, அங்கே என்னத்தைத்தான் தின்கிறாய் என்று ஒரு வரி எழுதக் கூடாதா என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன், சிரிக்கக் கூடாது.

இந்த ஊரில் அடுப்பு மூட்டுகிறவர்களைவிடக் கீழே இறங்கிப் போய்ச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் பிளாக்கை விட்டு வெளியே வந்தால் வரிசையாகத் தள்ளுவண்டிகள். இவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அதனால் எல்லா வண்டிக்காரர்களும் இவருக்குப் பழக்கம். வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் வாயில் வைப்பதற்குள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி. பாவமாக இருக்கும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

முதலில் ஐஸ் கச்சாங். ஐஸைச் சீவி மலையாகக் குவித்து, சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றித் தருகிறார்கள். சரி, குழந்தைகள் தின்பது என்று தோண்டினால் அடியில் அவித்த பயறும் சோளமும் கிடக்கிறது. பயறைச் சுண்டல் செய்வார்கள், ஐஸில் கொண்டுபோய்ப் புதைப்பார்களா? இன்னொரு நாள் கேரட் கேக் என்று ஒன்று வாங்கித் தந்தார். அதில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்ததைத் துண்டு போட்டு முட்டையோடு வறுத்திருந்தார்கள். பிறகு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "அது அப்படித்தான் லா" என்றார். இந்த ஊரில் லா போட்டுவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

தேக்கா மார்க்கெட் பக்கம் போனால்தான் எனக்கு உயிர் வருகிறது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை பார்த்துவிட்டு அப்படியே சிராங்கூன் ரோட்டுக்கு நடந்து போவோம்.

இப்போது கொஞ்ச நாளாக எதுவும் வயிற்றில் நிற்பதில்லை. முந்தாநாள் கிளினிக்குக்குப் போனோம். நீ பெரியம்மா ஆகப் போகிறாய்.

பதில் உடனே போடு.

அன்புத் தங்கை,
ஆனி

*

தூத்துக்குடி
25.2.1978

என் செல்லத் தங்கச்சி ஆனிக்கு, அக்கா அல்போன்சம்மாள் எழுதியது.

இங்கே எல்லாரும் சுகம். அத்தானின் மூட்டு அத்தானைப் போலவே சொன்னபடி கேட்பதில்லை.

கடைசி வரியை முதலில் எழுதினால் உனக்கு என்ன கேடு? ஐஸிலும் கேரட்டிலும் என்னைச் சுற்ற விட்டுவிட்டுக் கடைசியில் சொல்கிறாய். படித்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அன்னம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

அந்தக் கையோடு பனிமய மாதா கோயிலுக்குப் போனேன். எனக்கு இரண்டு தடவை நடந்தது உனக்குத் தெரியும். நம் அம்மாவுக்கும் தலைச்சன் தங்கவில்லை. அம்மா போன பிறகு உன்னை என் பிள்ளையாகத்தான் வளர்த்தேன், அந்தக் கஷ்டம் உனக்கு வரவே கூடாது. அதனால் உன்னைக் கேட்காமலே ஒரு பொருத்தனை வைத்துவிட்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, வேளாங்கண்ணிக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போடுகிற நாள் வரைக்கும் நீயும் நானும் கவிச்சி தொடுவதில்லை. மீன், கறி, இறால், கருவாடு ஒன்றும் கிடையாது. முட்டையும் வேண்டாம். நான் வைத்த பொருத்தனைதானே என்று நீ இருந்துவிடாதே. ஒருத்தருக்காக இன்னொருத்தர் வைத்தால் அது இரண்டு பேரையும் கட்டும்.

நேற்றே உன் அத்தான் ஏலத்திலிருந்து முழுசாக ஒரு சீலா மீன் கொண்டுவந்து நிற்கிறார். ஆக்கிக் கொடுத்துவிட்டு நான் தயிர்ச்சோறு தின்றேன். என் நாக்கு பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்.

பப்பாளி, அன்னாசி இரண்டையும் கண்ணாலும் பார்க்காதே. உன் வீட்டுக்காரர், தம்பி பெர்னார்டிடமும் சொல்லி வை. ஆசையாக வாங்கி வந்துவிடப் போகிறார்.

உன் அக்கா,
அல்போன்சம்மாள்

*

தோ பாயோ
16.3.1978

பாசமுள்ள அக்காவுக்கு ஆனி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

உன் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா மாதாகிட்ட வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று சிரித்தார். சிரித்ததோடு சரி, மறுநாளிலிருந்து என்னைவிட இவருக்குத்தான் கெடுபிடி. வண்டி வண்டியாகப் போய் இதில் என்ன போடுகிறாய், அதில் என்ன ஊற்றுகிறாய் என்று குடைந்து எடுக்கிறார். அப்போதுதான் தெரிந்தது, நான் ஒன்றும் இல்லாதது என்று நினைத்துத் தின்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. வறுத்த மீ என்று சேமியா மாதிரி ஒன்று, அதில் பன்றிக் கொழுப்பு. கீரை வதக்கலில் பெலாச்சான், அது இறாலை இடித்துக் காயவைத்த கட்டி. தண்ணீர் மாதிரி இருக்கிற சூப்பில் நெத்திலி. நம் ஊரில் மீன் மீனாகத்தான் தட்டுக்கு வரும். இங்கே அது என்ன வேடத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

எனக்கோ வீட்டில் வைத்த ரசம்கூட நிற்கவில்லை. மெலிந்து போகிறாய் என்று இவர் அலைந்து அலைந்து கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு ரோஜாக் என்று பெயர். வயதான சீனர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வைத்து விற்கிறார். வெள்ளரிக்காய், மாங்காய், பங்குவாங் என்று ஒரு வெள்ளைக் கிழங்கு, மொறுமொறுவென்று பொரித்த மாவுத் துண்டு எல்லாவற்றையும் நறுக்கிப் பெரிய சட்டியில் போட்டு, கறுப்பாகக் கெட்டியாக ஒரு குழம்பை விட்டுப் புரட்டி, வேர்க்கடலையைப் பொடித்துத் தூவுகிறார். காயும் கிழங்கும்தான், வேறொன்றும் இல்லை. அந்தக் கறுப்பு சோயாவும் கருப்பட்டியும் என்று இவர் சொல்கிறார். சின்ன வயதிலிருந்து தின்கிறாராம்.

அதில் அன்னாசியும் போடுவார்கள். நீ சொன்னதை இவர் மறக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அன்னாசி போடாதே என்று சீனத்தில் சொல்லி வாங்கி, வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்து, தவறிப்போய் ஒரு துண்டாவது கலந்திருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் தருகிறார். இப்படி ஒரு மனிதரை நீ எனக்குத் தேடித் தந்ததற்கு உனக்கு ஒரு பூசை வைக்க வேண்டும்.

முதல் நாள் ஒரு மாதிரி வாடை அடித்தது. இரண்டாம் நாள் அந்த வாடைக்காகவே வாய் ஊறியது. புளிப்பும் இனிப்பும் உறைப்புமாக, இது ஒன்றுதான் இப்போது என் வயிற்றில் நிற்கிறது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், பொட்டலத்துக் காகிதத்தை விரலால் வழித்து நக்குகிறேன்.

அத்தானுக்கு என் தோத்திரம்.

ஆனி

*

தோ பாயோ
2.5.1978

என் அக்காவுக்கு,

நீ ஈஸ்டருக்கு எழுதிய கடிதம் வந்தது. பாஸ்கு ஞாயிறன்றுகூட பிரியாணிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்காக நீ படும் பாடு.

நான் இப்போது தேறிவிட்டேன். கன்னம்கூட கொஞ்சம் உப்பியிருக்கிறது. ரோஜாக் புண்ணியம் என்று இவர் சொல்லிக்கொள்கிறார். பக்கத்து வீட்டில் பரீதா என்று ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். நாகூர்ப் பக்கத்து வம்சம், ஆனால் இங்கேயே பிறந்தவள். கலகலவென்று பேசுவாள். எனக்குத் துணையாயிற்று.

முக்கியமான செய்தியை இந்தத் தடவையும் கடைசியில்தான் சொல்வேன், திட்டிக்கொள். நேற்று மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன், உள்ளே மெல்லத் தட்டியது. அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் தட்டியது.

ஆனி

*

தூத்துக்குடி
12.6.1978

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தபால்காரர் நம் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். உன் அத்தான், பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுத அலுப்பாக இருக்கும், விடு என்கிறார். ஆம்பளைக்கு என்ன தெரியும்?

ஏழாம் மாதம் பிறந்திருக்குமே. பக்கத்தில் இருந்து உன் கைக்கு வளையல் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அத்தானோடு பழக்கமான வேலாயுதம் கப்பலில் அங்கே வருகிறார். அவரிடம் கண்ணாடி வளையல் கொடுத்துவிட்டிருக்கிறேன், சிவப்பும் பச்சையும். பரீதாவைப் போட்டுவிடச் சொல். எந்தக் கையானால் என்ன, மனசு நல்லதாக இருந்தால் போதும்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

*

தோ பாயோ
28.6.1978

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இவரும் நலம். வளையல் வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது.

இங்கே நல்ல வெயில். எங்கள் பிளாக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மலாய்க்காரம்மா புட்டு பிரிங் என்று விற்கிறார். அரிசி மாவைச் சின்னத் தட்டில் வைத்து நடுவில் கருப்பட்டி வைத்து அவித்து, தேங்காய்ப்பூவோடு தருகிறார். பரீதாவின் பிள்ளைகள் விரும்பித் தின்கிறார்கள். தேக்காவில் காதர் மைதீன் என்பவர் கடையில் முர்தபா என்று ஒன்று. ரொட்டிக்குள் கறியை வைத்து மடித்துச் சுடுவது. இவர் கூட்டாளிகள் எல்லாம் அங்கேதான் போவார்கள். சீனர்கள் வெயிலுக்குப் பயறுக் கஞ்சி குடிப்பார்கள், அதில் சர்க்கரை போடுவார்கள்.

வண்டிகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே கட்டடத்துக்குள் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். நல்லதுதான்.

வேறு விசேஷம் இல்லை.

ஆனி

*

தூத்துக்குடி
8.7.1978

ஆனிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பரீதாவின் பிள்ளைகள் என்ன தின்கிறார்கள், தம்பியின் கூட்டாளிகள் என்ன தின்கிறார்கள், சீனர்கள் என்ன குடிக்கிறார்கள் எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ என்ன தின்றாய் என்று எழுதவில்லை. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு இரண்டாவது போன பிறகு நான் சின்னாயிக்கு எழுதிய கடிதமும் இப்படித்தான் இருந்தது. மழை பெய்தது, கிணறு நிறைந்தது என்று எழுதினேன்.

என்ன நடந்தது? மறைக்காதே தாயி.

அக்கா

*

தோ பாயோ
22.7.1978

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பெர்னார்ட் வணக்கத்துடன் எழுதுவது. எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் குறைவு, பிழை இருந்தால் மன்னிக்கவும். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஆனிக்கு நீங்கள் போட்ட கடிதத்தை அவள் பிரிக்கவே இல்லை. மேசையில் கிடந்தது. நான் பிரித்துப் படித்தேன், அது தப்புத்தான்.

அக்கா, குழந்தை தங்கவில்லை. மே மாதம் 20ஆம் தேதி. காலையில் நான் வேலைக்குப் போன பிறகு வலி வந்திருக்கிறது. பரீதாதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. உங்களுக்கு எழுத வேண்டாம், அக்கா தாங்க மாட்டாள் என்று ஆனி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதனால்தான் எழுதவில்லை.

உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் அவள் சோறும் ரசமும் தவிர ஒன்றும் சாப்பிடுவதில்லை. நான் வெளியிலிருந்து எது வாங்கி வந்தாலும் தொடுவதில்லை. பூசைக்கு வருகிறாள், நற்கருணை வாங்க எழுந்திருப்பதில்லை. ஒருநாள் அவளுக்குப் பிடிக்குமே என்று ரோஜாக் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பார்த்ததும் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு என் மேல் கோபம் என்று நினைக்கிறேன். கேட்டால் இல்லை என்கிறாள். வீட்டில் பேச்சே இல்லை.

நீங்கள் எழுதினால் கேட்பாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பெர்னார்ட்

*

தூத்துக்குடி
1.8.1978

என் கண்ணே ஆனி,

தம்பி எழுதிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் சத்தியத்தை மீறவில்லை, உன்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

நான் அழுது முடித்துவிட்டேன், அதனால் இனி என்னிடம் எதையும் சொல்லலாம். பிள்ளை போன துக்கம் எனக்குத் தெரியும். அதில் சோறு இறங்காது, சரி. ஆனால் நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் அது துக்கம் மட்டும் இல்லை. நீ ஏதோ பாவம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என்ன? கட்டிய புருஷனிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல். உன் தலையை வாரிவிட்ட கை இது.

அக்கா

*

தோ பாயோ
14.8.1978

அக்கா,

இன்று தபாலில் சேர்க்காவிட்டால் இதையும் கிழித்துவிடுவேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல இவர் வாங்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். நான் தின்றுகொண்டிருந்தேன். பரீதா கொத்தமல்லி வாங்க வந்தவள் பொட்டலத்தைப் பார்த்தாள். "ஏன் ஆனி, நேர்ச்சை இருக்கு, கவிச்சி தொடறதில்லைன்னு சொன்னீங்களே" என்றாள். இது காய்தானே என்றேன். "காய்தான். அந்தக் கறுப்பு ஹேகோ லா. இறாலை உப்புப் போட்டு ஊற வச்சுக் காய்ச்சறது. இறால் இல்லாம ரோஜாக் ஏது?" என்றாள். அவள் மேல் குற்றமில்லை, தெரிந்ததைச் சொன்னாள். வாயில் இருந்ததை நான் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நீ எனக்காக அங்கே பாஸ்கு அன்றுகூடத் தயிர்ச்சோறு தின்கிறாய். நான் இங்கே மார்ச்சிலிருந்து இறாலை விரலால் வழித்து நக்கியிருக்கிறேன். அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ துடித்துப்போவாய் என்று பேனாவை மூடிவிட்டேன். இனித் தொடாமல் இருந்தால் மாதா மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வலி வந்துவிட்டது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ பூசை வைத்தாவது சரிக்கட்டியிருப்பாய். அதையும் நான்தான் கெடுத்தேன்.

இவர் மேல் எனக்கு என்ன கோபம், அக்கா? வாங்கி வந்தது இவர் கை. எனக்கு அன்னாசி படக் கூடாது என்று குச்சியால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்பைத்தான் என் கையில் தந்தார். தெரிந்தால், தன் கையாலேயே பிள்ளையைக் கொன்றோம் என்று நினைப்பார். நினைத்தால் அந்த மனிதர் தேறவே மாட்டார். நான் ஒருத்தி சுமந்தால் போதும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இவர் ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுகிற பொட்டலத்தை நான் தள்ளும்போது இவர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

நீ கட்டிய பொருத்தனையை நான் அறுத்துவிட்டேன். உனக்கு என் மேல் கோபம் வந்தால் அது நியாயம்.

ஆனி

*

வேளாங்கண்ணி
9.9.1978

ஆனி,

அக்காதான் எழுதுகிறேன். எங்கிருந்து என்று மேலே பார். நேற்றுத் திருநாள். உன் கடிதத்தைப் படித்ததும் அத்தானிடம், என்னை மாதாகிட்ட கூட்டிக்கொண்டு போங்க, எனக்கு அவளிடம் கேட்க வேண்டியது இருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனிதர் பையைக் கட்டிவிட்டார்.

முதலில் உனக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு இரண்டு போயிற்று. இரண்டு தடவையும் நான் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று ஒரு நோன்பும் விடவில்லை. சாமியார் சொன்னது, சின்னாயி சொன்னது, மருத்துவச்சி சொன்னது எதையும் தட்டவில்லை. கறுப்பும் தின்னவில்லை, வெள்ளையும் தின்னவில்லை. இருந்தும் போயிற்று. அப்புறம் உன் பிள்ளை எப்படி ஒரு கரண்டிக் குழம்பில் போகும்? இத்தனை வருஷம் இது எனக்கே தோன்றவில்லை, பார். நானும் என்ன தப்புச் செய்தேன், என்ன தப்புச் செய்தேன் என்றுதான் கிடந்தேன். உன் கடிதத்தில் நீ அதையே கேட்கும்போதுதான் அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று எனக்கு உறைத்தது.

மூன்று மணி நேரம் கூட்டத்தில் நெருக்கித் தள்ளி மாதா முன்னால் போய் நின்றேன். அம்மா, வாக்குக் கொடுத்தது நான், என் தங்கச்சி வாயே திறக்கவில்லை, குற்றம் என்று எழுதுவதாக இருந்தால் என் பேரில் எழுதிக்கொள் என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் மடியிலயும் ஒரு பிள்ளையச் சிலுவையிலேருந்து எறக்கிக் கொண்டாந்து கிடத்தினாங்களே, அன்னிக்கு யாராச்சும் உன்கிட்ட நீ என்ன தின்னேன்னு கேட்டாங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன இருந்ததோ.

வெளியே வந்து கடற்கரைக்குப் போனோம். அங்கே தகரக் கொட்டகை போட்டு மீன் பொரித்து விற்கிறார்கள். ஒரு தட்டு வாங்கித் தாங்க என்றேன். பொருத்தனை என்றார் அத்தான். முடிந்துவிட்டது, நானே வைத்தேன், நானே முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முள்ளை உறிஞ்சி உறிஞ்சித் தின்றேன் ஆனி, மண்ணில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க. அத்தானுக்கு நான் அழுகிறேனா தின்கிறேனா என்று தெரியவில்லை.

உன் கட்டும் அவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து போய் நற்கருணை வாங்கு. தம்பியிடம் எல்லாவற்றையும் சொல். நீ அவருக்காகச் சுமக்கிறாய் என்று நினைக்கிறாய். அவர் கண்ணுக்கு நீ அவரைத் தள்ளுவதுதான் தெரிகிறது. இந்தக் கடிதத்தையே அவரிடம் வாசித்துக் காட்டு.

அக்கா அல்போன்சம்மாள்

*

தோ பாயோ
25.9.1978

என் அக்காவுக்கு,

நானும் இவரும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், என்னுடையதையும் சொன்னேன். அஞ்சு வயதிலிருந்து தின்கிறேன், அதில் இறால் என்று ஒருநாளும் நினைத்ததில்லையே என்று மட்டும் இவர் சொன்னார். நான் பயந்த மாதிரியே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கையை எடுத்துவிட்டேன். உன் இரண்டு பிள்ளைகளைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

அப்புறம்தான் இவர் வாயைத் திறந்தார். எனக்குத் தெரியாத ஒன்றை இவரும் நாலு மாதமாக வைத்திருந்திருக்கிறார். "அவன் கொஞ்ச நேரம் உசிரோட இருந்தான், ஆனி. நான் போனப்ப மூச்சு இருந்துச்சு. நர்ஸ் ஒருத்தங்க தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தாங்க. பேர் என்னன்னு கேட்டாங்க. எங்கப்பா பேரைச் சொல்லிட்டேன். உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றார். மயக்கத்தில் கிடந்த எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலேயே எடுத்துப் போய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்தான் ஒரு சின்னப் பெட்டி வாங்கி, சுவா சூ காங் கல்லறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று போனதெல்லாம் அங்கேதானாம்.

அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாக அழுதோம். பரீதா கதவைத் தட்டி என்ன என்று கேட்கிற அளவுக்கு.

நேற்று நான் நற்கருணை வாங்கினேன். பூசை முடிந்து பஸ் ஏறி இரண்டு பேரும் சுவா சூ காங் போனோம். சின்னதாக ஒரு மரச்சிலுவை வைத்திருக்கிறார், பெயரைத் தானே பெயிண்டில் எழுதியிருக்கிறார். தமிழில்தான் எழுதியிருக்கிறார், எழுத்து கோணல்மாணலாக இருந்தது. திரும்பி வரும்போது எனக்கு நல்ல பசி. நானே இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டி முன்னால் நின்றேன். ரோஜாக் தாத்தாவிடம் அன்னாசியும் போடச் சொன்னேன். ஒரே பொட்டலத்தில் இரண்டு பேரும் தின்றோம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. நீ உன் இரண்டு பிள்ளைகளுக்கும் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது இவன் பெயரையும் சேர்த்துக் கொடு. பெயர் கேட்பார்கள், லாசரஸ் என்று சொல்.

இப்படிக்கு,
லாசரஸின் அம்மா,
ஆனி